ஒரே சனிக்கிழமையால் என் கூரைக்கு நேர்ந்த கதி

ஆல்டர் ஏரி, விஸ்கான்சின்
அக்டோபர் கடைசி

இளையோர் நாவல் பிரிவின் ஆசிரியை, மதிப்புமிகு கோரா வெய்ன்ட்ராப் அம்மையார் அவர்களின் மேலான கவனத்துக்கு, ஆல்டர் ஏரி டுவேன் ஹால்வர்சன் பணிவுடன் எழுதுவது. இங்கே நான், என் மனைவி ஜோலீன், நாய் மூவரும் சுகம். மகள் ஓரிகனில் சுகம் என்று அவளே சொல்கிறாள். இது புகார்க் கடிதம் என்பதால் தங்கள் சுகத்தை விசாரிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் நியூயார்க்கில் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

தாங்கள் வெளியிட்ட ‘ஒரே சனிக்கிழமை, ஓராயிரம் முத்தம்’ என்னும் நாவலின் கடைசிப் பக்கத்தில், ‘இந்தப் புத்தகம் உங்களுக்கு ஏன் பிடித்தது? எங்களுக்கு எழுதுங்கள்!’ என்று ஆச்சரியக்குறி போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். பிடிக்காதவர்கள் எங்கே எழுத வேண்டும் என்று முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன், போடவில்லை. ஆகவே அதே முகவரிக்கு எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கவுன்ட்டி சாலைத் துறையில் குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன், கோடையில் அதே சாலைகளின் ஓரத்தில் புல் வெட்டுகிறேன். ஏரி முனையில் ஆரம்பித்துப் பாலம் வரைக்கும் பனியைத் தள்ளிவிட்டுத் திரும்பினால், தள்ளின இடமெல்லாம் மறுபடியும் வெள்ளையாகக் கிடக்கும். மறுபடியும் தள்ளுவேன். ஆக, செய்ததையே திரும்பச் செய்வது என்பது எனக்குச் சம்பளத்துக்குச் செய்யும் வேலை. அதை ஒருவர் ஓய்வு நேரத்தில், சொந்தக் காசில், சோபாவில் படுத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டு படிப்பார் என்பது என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மகள் பெயர் பிரிட்டா. ஒரே பெண், கெட்டிக்காரி. இந்த வருஷம் பள்ளிக்கூடம் முடித்தாள். ஓரிகனில் ஒரு கல்லூரியில் கடல் உயிரினங்களைப் பற்றிப் படிக்க இடம் கிடைத்தது. எங்கள் ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ஏரி, எல்லா ஏரியிலும் மீன், ஆனாலும் அவளுக்குக் கடல்தான் வேண்டுமாம். சரி, அது வேறு புகார், அதற்குத் தாங்கள் பொறுப்பில்லை. அவளுடைய அலமாரி முழுக்க இந்த ஒரே நாள் நாவல்கள்தான். எல்லாவற்றிலும் ஒரு பெண் காலையில் எழுந்திருக்கிறாள், நேற்று நடந்த அதே நாள் இன்றைக்கும் நடக்கிறது, அதே ரொட்டி கருகுகிறது, அதே பையன் அதே மூலையில் வந்து முட்டிக்கொள்கிறான், எப்போது இரண்டு பேரும் ஒழுங்காகப் பேசுகிறார்களோ அப்போதுதான் அடுத்த நாள் விடிகிறது. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டே விட்டேன்.

“ஏம்மா, ஒரே நாள் திரும்பத் திரும்ப வந்தா அந்தப் பொண்ணுக்கு அலுக்காதா? அவளை விடு, படிக்கிற உனக்கு அலுக்கலையா?”

“அப்பா, அவளுக்கு மட்டும்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும். மத்தவங்களுக்கு மறந்துடும். அந்தப் பையன் முன்னாடி அவ உளறலாம், வழுக்கி விழலாம், சூப்பை மேல கொட்டிக்கலாம். மறுநாள் ஒருத்தருக்கும் தெரியாது. அது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா உனக்கு?”

“நான் உளறினது எனக்கே மறுநாள் ஞாபகம் இருக்கிறதில்லையே.”

“அதனாலதான் உனக்கு அந்தப் புஸ்தகம் தேவைப்படல. எங்களுக்கு ஞாபகம் இருக்கே” என்றாள் ஜோலீன், உருளைக்கிழங்கை என் தட்டில் வைத்துக்கொண்டே. அந்த ‘எங்களுக்கு’ என்ற வார்த்தையை நான் அப்போது கவனிக்கவில்லை. மகள் படித்து முடித்த ஒவ்வொன்றையும் அம்மாவும் படித்துக்கொண்டிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆக, வீட்டில் அவர்கள் இரண்டு பேர், நான் ஒருத்தன், நாய் யார் பக்கமும் இல்லை.

இப்போது முதல் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஆகஸ்டு ஆரம்பம். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு இரண்டு பையன்கள் வருவதாக இருந்தது. எனக்குத் தெரிந்தது ஒருவனை மட்டும். கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் தகர வாய்க்கால் இருக்கிறதல்லவா, அதில் மேப்பிள் சருகு அடைத்துக்கொண்டு தண்ணீர் ஜன்னல் வழியாக வழிந்துகொண்டிருந்தது. சர்ச்சில் சொல்லி வைத்திருந்தேன், இளைஞர் சங்கத்திலிருந்து ஒரு பையனை அனுப்புகிறோம் என்றார்கள். இன்னொருவன் எம்மெட் ஸ்வோபோடா. ஏரிக்கு மேற்கே அவன் அப்பாவுக்கு மாட்டுப்பண்ணை. பிரிட்டாவும் அவனும் நாலு வருஷம் ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போய் வந்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசினதில்லையாம். பள்ளிக்கூடம் முடிந்து, இனி பஸ்ஸே இல்லை என்று ஆன பிறகு இந்தப் பிள்ளைக்குத் தைரியம் வந்து, ஏரிக்கரை விடுதியில் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறான். இது ஜோலீனுக்குத் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னோம் என்கிறார்கள்.

மணி அடித்தது. கதவைத் திறந்தேன். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், அதில் சேறு, பின்பாக்கெட்டில் வேலைக் கையுறை. கிளம்புகிற நேரத்தில் ஒரு பசு கன்று போட்டுவிட்டதாம், அப்படியே ஓடி வந்திருக்கிறான். அது எனக்கு எப்படித் தெரியும், அம்மையாரே? சட்டை மட்டும் வெளுத்துத் தேய்த்திருந்தது, ஒத்துக்கொள்கிறேன். சர்ச் பையன், வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறான் என்று நினைத்தேன்.

“வந்துட்டியாப்பா, நல்லவேளை. வாய்க்கால் பின்பக்கம். ஏணி கொட்டகையில இருக்கு. ஒரு வண்டி சருகு தேறும், பார்த்து ஏறு.”

பையன் வாயைத் திறந்தான். மூடினான். என்னைப் பார்த்தான், ஏணி இருக்கிற திசையைப் பார்த்தான். “சரிங்க சார்” என்றான்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் மரியாதையைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. காலின் மேல் வண்டியை ஏற்றி நிறுத்தினாலும் ‘அவசரமில்லைங்க, மெதுவா எடுங்க’ என்பார்கள். இவன் அந்த ரகத்திலேயே முதல் தரம். பின்பக்கம் போய் மேலே ஏறி வாளி வாளியாக அள்ளினான். நல்ல வேலைக்காரன். நான் ஒன்றும் மோசமான மனிதன் இல்லை, நடுவில் எலுமிச்சை ஜூஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன், நன்றி சொல்லிக் குடித்தான். மணி அடித்தபோது மாடியில் குளித்துக்கொண்டிருந்த என் மகள், இப்போது வாசல் பக்கத்து ஜன்னலில் மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டு, அவன் வரவே மாட்டான் என்று முடிவு பண்ணிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சர்ச்சிலிருந்து போன் வந்தது, பையனுக்கு ஜுரம், இன்றைக்கு அனுப்ப முடியவில்லை, மன்னிக்கவும் என்று.

பின்பக்கம் போய் அண்ணாந்து பார்த்தேன். “அப்போ நீ யாருப்பா?”

“எம்மெட், சார். பிரிட்டாவைக் கூட்டிட்டுப் போக வந்தேன்.”

“அடப்பாவி, அதை ஏன் முதல்லயே சொல்லல?”

“நீங்க கேக்கல சார். அப்புறம் பாதி வேலை முடிஞ்சு போச்சு, நடுவுல விட்டுட்டு இறங்கினா நல்லா இருக்காதேன்னு...”

இந்தப் பேச்சுச் சத்தம் கேட்டு பிரிட்டா பின்கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். அவளைப் பார்த்து அவன் சட்டென்று திரும்பினான். வாளி சாய்ந்தது. வருஷக்கணக்காக ஊறின சருகுக் கஞ்சி முழுக்க மஞ்சள் கவுனில். அவன் பதறி இறங்கும்போது தொப்பி விழுந்தது, எங்கள் நாய் பிக்கிள் அதைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. கவுனை மாற்றிக்கொண்டு அவள் கிளம்புவதற்குள் விடுதியில் வறுத்த மாட்டிறைச்சி தீர்ந்து, பொரித்த சீஸ் மட்டும் மிச்சம். சாப்பிடும்போது அவன் ஒரு வார்த்தை பேசவில்லையாம். திரும்பக் கொண்டுவந்து விடும்போது வாசல்படியில் நின்று, நாலு வருஷம் பஸ்ஸில் சேர்த்து வைத்ததைச் சொல்லப் போகிறான் என்று இவள் காத்துக்கொண்டிருக்க, அவன் மூச்சை இழுத்து, “உங்க வீட்டு வாய்க்கால் தென்மேற்கு மூலையில துருப்பிடிச்சிருக்கு, அப்பாகிட்ட சொல்லிடு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பிரிட்டா உள்ளே வந்து அதை என்னிடம் சொன்னாள். நான் உடனே டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். உண்மைதான், நல்ல துரு. அந்த நேரத்தில் ஒரு அப்பா செய்ய வேண்டியது அது இல்லை என்று ஜோலீன் பிறகு எனக்கு விளக்கிச் சொன்னாள்.

மறுநாள் முழுக்கத் தங்கள் நாவலோடு அறைக்குள் கிடந்தாள். அதற்கு மறுநாள் காலையில் முகம் தெளிந்து வெளியே வந்தாள். அந்தத் தெளிவுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“அப்பா, போன சனிக்கிழமை நடக்கவே இல்ல.”

“நடந்ததே, துருவைக்கூடப் பார்த்தேனே.”

“நடக்கல. வர்ற சனிக்கிழமைதான் அந்த சனிக்கிழமை. எம்மெட்கிட்ட சொல்லிட்டேன், அவனும் சரின்னுட்டான். நீங்க எல்லாரும் அன்னைக்கு என்ன செஞ்சீங்களோ அதையே செய்யணும். அவன் மட்டும்தான் மாத்திச் செய்வான். அதான் விதி.”

“அவன் எதுக்குத்தான் சரின்னு சொல்லமாட்டான்?” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. “சரிம்மா, ஆனா எனக்குத்தான் இப்ப அவனைத் தெரியுமே. எப்படி ஆள் தெரியாத மாதிரி நிக்கிறது?”

“உனக்குத் தெரியாது. உனக்கு அன்னைக்குக் காலையிலதான் விடிஞ்சிருக்கு.”

அம்மையாரே, தாங்கள் புத்தகத்தை அச்சடித்து அனுப்பிவிட்டு அங்கே நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். இங்கே, சுத்தமான வாய்க்காலை அடைக்க வேண்டியவன் நான். உரக்குழியில் கொட்டின சருகையெல்லாம் திரும்ப வாளியில் அள்ளி, ஏணியில் ஏறி, என் கையாலேயே வாய்க்காலில் நிரப்பிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஹார்லன் காபிக் கோப்பையோடு வந்து நின்றான்.

“டுவேன், சருகை வெளியே எடுக்கிறியா, உள்ளே போடுறியா?”

“உள்ளே.”

காபியை ஒரு வாய் உறிஞ்சினான். “புது முறையோ?” என்றான்.

“மகளுக்காக, ஹார்லன்.”

“ஓ” என்றான். அவனுக்கும் மூன்று மகள்கள். அதற்கு மேல் கேட்கவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை. நான் அதே கட்டம்போட்ட சட்டை. ஜோலீன் அன்று கருகவிட்ட உருளைக்கிழங்கை இன்றும் கருகவிட்டாள், அது கதைக்காகக் கருகினதாக எனக்குத் தோன்றவில்லை. பிரிட்டா மஞ்சள் கவுனைத் துவைத்துத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஜன்னலில். மணி அடித்தது. எம்மெட் தலையைச் சீவி, பூட்ஸ் இல்லாமல், பளபளக்கிற ஷூவில் நின்றான். உதடு அசைந்துகொண்டே இருந்தது, ஒத்திகை. அவன் சொல்ல வேண்டியது ஒரே வரி: ‘நான் பிரிட்டாவைப் பார்க்க வந்தேன்.’ நான் என் வரியைச் சொன்னேன். “வந்துட்டியாப்பா, நல்லவேளை. வாய்க்கால் பின்பக்கம்.” நான் கொஞ்சம் நன்றாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பையன் வாயைத் திறந்தான். மூடினான். “சரிங்க சார்” என்று ஏணியை எடுக்கப் போய்விட்டான்.

உள்ளே இரண்டு பெண்களும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அவன் அந்தப் புது ஷூவோடு மறுபடியும் முழு வாய்க்காலையும் சுத்தம் செய்தான். பிக்கிள் தொப்பியைக் கவ்வ வேண்டும், ஆனால் அதற்குள் அவனோடு சிநேகமாகிவிட்டதால் ஏணிக்குக் கீழே படுத்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அதற்கு எவ்வளவு சொல்லியும் புரியவில்லை. இறங்கி வந்து, “மன்னிச்சுக்கோ பிரிட்டா, உங்கப்பாவைப் பார்த்தா மறுத்துப் பேச வரல” என்றான். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து கருகின உருளைக்கிழங்கைச் சாப்பிட்டார்கள். “உனக்கு இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கே, போன தடவை நான் பார்க்கல” என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. கன்றுக்குட்டி உதைத்ததாம். அந்தக் கதையை அவன் வாய்விட்டு, நீளமாக, கையை ஆட்டிச் சொன்னான். விடுதிக்குப் போகவே இல்லை. எனக்கென்னவோ அது நல்ல சாயங்காலமாகத்தான் பட்டது, ஆனால் பிரிட்டா, “இது சேர்த்தியில்ல, அடுத்த வாரம் மறுபடியும்” என்று சொல்லிவிட்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை ஊருக்கே விஷயம் தெரிந்துபோயிற்று. விடுதியில் பரிமாறும் மார்லிஸ் கடைத்தெருவில் என்னைப் பிடித்து, “நான் இந்த வாரமும் இறைச்சி தீர்ந்துபோச்சுன்னு சொல்லணுமா, இல்ல இருக்குன்னு சொல்லலாமா?” என்று கேட்டாள். எம்மெட் வந்தான். நான் என் வரியைச் சொன்னேன். அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, “இல்லைங்க சார்! நான் பிரிட்டாவைப் பார்க்க வந்தேன்!” என்று கத்தினான். வேலிக்கு அந்தப் பக்கம் ஹார்லன் கை தட்டினான். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பையனின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்து, உட்கார வைத்து, ஜூஸ் கொடுத்து, சாலையில் வெறும் உப்பைப் போடுவதற்கும் உப்புக்கரைசல் தெளிப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று சொல்ல ஆரம்பித்தேன். பண்ணைக்காரப் பையன், இயந்திர விஷயம் புரிகிறது, நல்ல நல்ல கேள்வியாகக் கேட்டான். லாரியின் முன்னால் பனியைத் தள்ளுகிற பலகையின் படங்களைக் காட்டினேன். நிமிர்ந்து பார்த்தபோது வெளியே வெளிச்சம் போயிருந்தது, மாடிப்படியில் பிரிட்டா மஞ்சள் கவுனோடு கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

அவன் போன பிறகு சமையலறையில் ஜோலீன் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “டுவேன், அவன்மேல குத்தமில்ல. முதல் வாரம் நீ ஏணியில ஏத்தின. போன வாரம் நீ ஏத்தின. இந்த வாரம் உப்பு. ஒவ்வொரு தடவையும் வாசலை அடைச்சுக்கிட்டு நிக்கிறது நீ.”

“நான் என்ன வேணும்னா செய்றேன்?”

“வேணும்னு செய்யல. அதனாலதான் சொல்றேன். அந்தப் புஸ்தகத்தைப் படி.”

படித்தேன், அம்மையாரே. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், புல் வெட்டும் வண்டியின் கூண்டுக்குள் உட்கார்ந்து, ரோட்டில் போகிறவர்களுக்கு அட்டை தெரியாதபடி சாலைத் துறைச் சுற்றறிக்கையில் சுற்றிவைத்துப் படித்தேன். கதையில் அந்தப் பெண் பேசவேண்டியதைப் பேசிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். அவளுக்கு அது தெரியும். அதனால் பாதிப் புத்தகத்துக்கு மேல் அவள் வேண்டுமென்றே தப்பாகப் பேசுகிறாள், இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை, இன்னும் ஒன்று என்று. அந்த இடத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. புல் பூ உதிர்கிற காலம், எனக்கு அது ஒத்துக்கொள்ளாது. நிமிர்ந்து காலண்டரைப் பார்த்தேன். நாங்கள் பிரிட்டாவை ஓரிகனுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டிய நாள் ஞாயிற்றுக்கிழமை. நாலு நாள் மட்டும் பாக்கி.

நான்காவது சனிக்கிழமை வண்டியில் பெட்டியெல்லாம் ஏற்றியாகிவிட்டது. இந்தத் தடவை வாசலை அடைக்கக் கூடாது என்று நான் முடிவு செய்து, கதவைத் திறக்காமல் சமையலறையிலேயே நின்றுகொண்டேன். மணி அடித்தது. பிரிட்டாவே போய்த் திறந்தாள், பின்னாலேயே ஜோலீனும் போய் நின்றாள். சமையலறையிலிருந்து எனக்கு வாசல் தெரிந்தது. எம்மெட் வெள்ளைச் சட்டையில் நின்றான். கையில் ஒரு சின்னப் பூங்கொத்து. அவன் வாயைத் திறப்பதற்குள் இவள் சொன்னாள், என்னுடைய வரியை, என் குரலிலேயே: “வந்துட்டியாப்பா, நல்லவேளை. வாய்க்கால் பின்பக்கம்.”

அவன் அவளையே பார்த்தான். அவள் உதடு துடித்துக்கொண்டிருந்தது. அவன் பூங்கொத்தை என் மனைவி கையில் கொடுத்துவிட்டு, “சரி” என்று சொல்லி ஏணியை எடுக்கப் போனான்.

முந்தின நாள் மழை பெய்து பின்பக்கம் மண் இளகியிருந்தது. ஏணி இரண்டு பக்கமும் படி வைத்த மடக்கு ஏணி, ஒரு கால் புதைந்து ஆடியது. நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். அவன் மேலே ஏறி வாய்க்காலுக்குள் கையை விட்டான். உள்ளே ஒன்றும் இல்லை. போன வாரம் அவன் அள்ளாமல் விட்ட சருகை, மழை வருகிறதே என்று நானே எடுத்துவிட்டு, பெட்டி கட்டுகிற அவசரத்தில் திரும்ப நிரப்ப மறந்துவிட்டேன். இருந்தாலும் அவன் இல்லாத சருகைப் பொறுமையாக அள்ளி அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தான். கீழே நின்று பிரிட்டா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எம்மெட், அதுல ஒண்ணும் இல்ல.”

“தெரியும்.”

“அப்புறம் எதுக்கு அள்ளுற?”

“நீ சொன்ன.” இன்னொரு கை அள்ளிப் போட்டான். “பிரிட்டா, நாளைக்கு நீ போகணும்.”

“எனக்குத் தெரியாதா? நீ ஒழுங்கா பேசிட்டா நாளைக்கு ஞாயித்துக்கிழமை ஆயிடும். பேசாதே.”

“நான் பேசினாலும் பேசாட்டாலும் ஞாயித்துக்கிழமை ஆயிடும். எங்க வீட்டு மாடுங்களுக்குத்தான் சனி ஞாயிறு கிடையாது. காலையில பால், சாயங்காலம் பால், நடுவுல சாணி. மறுநாளும் அதேதான். எனக்கு எப்பவும் ஒரே நாள்தான், பிரிட்டா. நீ போய்க் கடலைப் பாரு. எப்பத் திரும்பி வந்தாலும் நான் அதே நாள்ல, அதே கொட்டகையில இருப்பேன். தேடவே வேண்டாம்.” பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு, “உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பஸ்ஸுல ஏறின முதல் நாள்லேர்ந்து. அதைச் சொல்லத்தான் முதல் சனிக்கிழமையே வந்தேன். உங்கப்பா ஏணியைக் காட்டிட்டார்.”

என் மகள் மஞ்சள் கவுனை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏணியின் மறுபக்கத்துப் படியில் விறுவிறுவென்று ஏறினாள். ஏணி ஆடியது. நான் விட்டால் இரண்டு பேரும் விழுவார்கள். விடாவிட்டால் நான் அங்கேயே இருக்க வேண்டும். உலகத்தில் எந்த அப்பாவுக்கும் இப்படி ஒரு நிலைமை வரக்கூடாது. ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வீட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றேன். சுவரில் பெயிண்ட் நன்றாக இருக்கிறது. இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும். மேலே ரொம்ப நேரம் பேச்சே இல்லை.

“என்ன டுவேன், இந்த வாரமும் அடைப்பா?” என்றான் ஹார்லன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

“எடுத்தாச்சு ஹார்லன், எல்லாம் எடுத்தாச்சு” என்றேன். அவன் காபிக் கோப்பையைத் தூக்கிக் காட்டிவிட்டு, நல்ல மனுஷன், உள்ளே போய்விட்டான். பிறகு இரண்டு பேரும் விடுதிக்குப் போனார்கள். இறைச்சி இருந்தது. மார்லிஸ் எடுத்து வைத்திருந்தாளாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, யாரைக் கேட்டு வந்ததோ தெரியவில்லை. ஓரிகன் வரைக்கும் வண்டி ஓட்டினேன். பிரிட்டா இப்போது நத்தை, சிப்பி, நண்டு என்று ஏதேதோ படிக்கிறாள், போனில் குரல் தெளிவாக இருக்கிறது. எம்மெட் சாயங்காலப் பாலைக் கறந்துவிட்டு சனிக்கிழமைதோறும் இங்கே வந்துவிடுகிறான். யாரும் கூப்பிடவில்லை, பழக்கமாகிவிட்டது. போனை மேஜை நடுவில் வைத்து அவளோடு பேசிக்கொண்டே நாங்கள் மூவரும் சாப்பிடுகிறோம். பேச்சு முடிந்ததும் அவர்கள் இருவருக்குமாகப் போனை விட்டுவிட்டு நானும் ஜோலீனும் பாத்திரம் துலக்கப் போய்விடுகிறோம். நான் இப்போதெல்லாம் வாசலிலோ கதவிலோ நிற்பதில்லை.

ஆக, கடைசிப் பக்கத்தில் தாங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எனக்குப் பிடிக்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் மற்றவர்களுக்கு ஏன் பிடிக்கிறது என்று கேட்டால், உளறினதை அழிக்கலாம் என்பதற்காக என்று என் மகள் சொன்னாள், அது பாதிதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு ஆளை முதல் தடவை பார்க்கும்போது நாம் பார்ப்பது அவன் பூட்ஸை. இரண்டாவது தடவைதான் புருவத் தழும்பு தெரிகிறது. நிஜத்தில் யாருக்கு இரண்டாவது தடவை கிடைக்கிறது? அவனவன் அவனவன் வேலைக்குப் போய்விடுகிறான். பதினெட்டு வயசுப் பிள்ளைகளுக்கு எல்லாமே அடுத்த வாரம் மாறப்போகிறது, ஊர் மாறும், படுக்கை மாறும், அப்பா அம்மா போனுக்குள் போய்விடுவார்கள். அப்போது ஒரு புத்தகம், இரு, இந்த ஒரு நாளை இன்னொரு தடவை நிதானமாகப் பார்த்துக்கொள், பிறகு போகலாம் என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கு வயசு ஐம்பத்து நாலு. எனக்கே...

அது கிடக்கட்டும். இது புகார்க் கடிதம். என் கோரிக்கை என்னவென்றால், இத்தகைய நாவல்களைத் தங்கள் நிறுவனம் இனிமேல் அச்சிட வேண்டாம். சருகை நிரப்பி நிரப்பி எடுத்ததில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, வாய்க்கால் தென்மேற்கு மூலையில் துரு இன்னும் பரவியிருக்கிறது. தகப்பன்மார் இருக்கிற வீடுகளை உத்தேசித்தாவது இதை நிறுத்துமாறு மிகவும் தாழ்மையுடன், ஆனால் உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தாங்களும் தங்கள் வீட்டாரும் நீண்ட ஆயுளோடும், ஒழுகாத கூரையோடும் இருக்க வாழ்த்துகிறேன். ஜோலீன் தனியாகத் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள், அவளுக்குத் தங்கள்மேல் புகார் ஒன்றும் இல்லையாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டுவேன் ஹால்வர்சன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தோடு தனித் தபாலில் ஒரு கனமான பொட்டலம் வரும். அது திருப்பி அனுப்பின புத்தகம் என்று நினைத்து ஓரமாக வைத்துவிட வேண்டாம். நான் எழுதிய நாவல், முதல் பாதி. கதாநாயகன் பனி தள்ளும் லாரி ஓட்டுநர். ஒரே பனிப்புயல் நாள் திரும்பத் திரும்ப வருகிறது. தினமும் அதே வளைவில் அதே பெண்ணின் கார் பனியில் சிக்கிக்கொள்கிறது, தினமும் அவன் இழுத்துவிடுகிறான், தினமும் பெயர் கேட்க மறந்துவிடுகிறான். முத்தத்தைக் கடைசி அத்தியாயத்தில் வைத்திருக்கிறேன், ஜோலீன் முன்னாலேயே வரட்டும் என்கிறாள். கதாநாயகியின் பெயரும் ஜோலீன் என்பது தற்செயல். இளையோர் நாவல் என்பதால் கதாநாயகனுக்கு வயது பத்தொன்பது என்று போட்டிருக்கிறேன், ஆனால் அவனுக்கு அடிக்கடி முழங்கால் வலி வந்துவிடுகிறது, அதைத் தாங்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளவும். மேலே, இத்தகைய நாவல்களை இனிமேல் அச்சிட வேண்டாம் என்று எழுதியிருக்கும் இடத்தில் மட்டும், ‘என்னுடையது வெளிவந்த பிறகு’ என்று சேர்த்துப் படித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.